மூக்கு கனக்கவில்லை

...ஆனால் அது தூக்க வந்திருக்கவே கூடாது, ஒற்றைக் கையால், அதுவும் இடது கையால், தோள்பட்டைக்கு ஊசி போட்டுக்கொண்டு திரியும் என்னால், காலையில் என் புருஷன் டெல்மர் காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தபோது சும்மாதான் படுக்க, சமைக்க வசதியுள்ள எங்கள் டிரெய்லரின் மூக்கை, காரில் மாட்டுகிற முன்நுனியை, பிடித்தேன், கொக்கிக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்க, பிடித்த பிடியில் அது மேலே வந்துவிட்டது, சூப் சட்டியின் மூடி வருவது போல, நான் பயந்துபோய் விட்டுவிட்டேன், அது மெதுவாக இறங்கி உட்கார்ந்தது. போன வருஷம் இதே மூக்கை நானும் டெல்மரும் முகாமில் பக்கத்து இடத்துக்காரரும் சேர்ந்து ஒரு சாண் நகர்த்தப் பார்த்து முடியாமல் ஜாக்கியைத் தேடி ஓடினோமே... ஒரு வருஷத்தில் எனக்குப் பலம் வந்துவிட்டதா? "டெல்மர், இது தூக்க வருது" என்றேன். "ஓட்ஸ் கஞ்சி வேலை செய்யுது அம்மணி" என்றான், சிரித்தான், கொக்கியை மாட்டினான், சங்கிலிகளைக் குறுக்காகப் போட்டான், வயரைச் செருகினான், ஒன்றையும் மறக்கவில்லை, நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், இப்போதெல்லாம் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன், அவன் காபியில் உப்பைப் போடுகிறானா, சட்டையைத் திருப்பிப் போடுகிறானா என்று, அவன் எதையும் தப்பாகச் செய்வதில்லை, அதனால் எனக்கு நிம்மதி வர வேண்டும், வருவதில்லை.

ஐயாயிரம் பவுண்டு எடை இழுக்கும் என்றுதான் காரை விற்றவன் சொன்னான், டிரெய்லர் மூவாயிரத்து ஐந்நூறுதான் என்று டிரெய்லரை விற்றவன் சொன்னான், இரண்டையும் கழித்துப் பார்த்து டெல்மர் மேஜையைத் தட்டினான், அவ்வளவுதான் எங்கள் ஆராய்ச்சி, வெறும் டிரெய்லரை யார் இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை, தண்ணீர்த் தொட்டி, கேஸ், டப்பா பீன்ஸ், இரும்பு வாணலி, மடக்கு நாற்காலி, அப்புறம் கல்... கல்லை எப்படி மறந்தோம்? எங்கள் பவல் ஊரில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களில் பாதிப் பேர் கல் பொறுக்கிகள், கோடை வந்தால் வாளியும் சுத்தியலுமாகக் கிளம்பிவிடுவார்கள், டெல்மருக்குக் கல்லாய்ப் போன மரம் என்றால் உயிர், பட்டை இருக்கும், வளையம் இருக்கும், கிளை ஒடிந்த வடு கூட இருக்கும், தூக்கினால்தான் தெரியும் அது மரம் இல்லை என்று. முன்பெல்லாம் அந்தக் கல்லை மேஜைக்கு அடியில் முன்பக்கம் வைப்போம், பழைய பெரிய பிக்கப் லாரி அசையாது, அதை விற்று இந்தக் காரை வாங்கிய பிறகு முதல் தடவை கொக்கியை மாட்டியதும் காரின் பின்பக்கம் கோழி அடைகாப்பது போல உட்கார்ந்துவிட்டது, முன்விளக்கு வானத்தைப் பார்த்தது, எதிரே வந்தவர்கள் எல்லாரும் விளக்கை அடித்து எங்களைத் திட்டிக்கொண்டு போனார்கள், டெல்மருக்கு அது மானப் பிரச்சினை, வீட்டுக்கு வந்ததும் கல் வைக்கிற இடத்தைப் பின்னால் கட்டிலுக்கு அடியில் மாற்றிவிட்டான், கார் நிமிர்ந்துவிட்டது. "பார்த்தியா, இதுக்குப் போய் இருநூறு டாலர் குடுத்து எடையப் பங்கிடற இரும்புக் கம்பி மாட்டச் சொன்னானே அந்தக் கடைக்காரன்." பார்த்தேன், நானும் மெச்சினேன். நிமிர்ந்து நிற்பது பார்க்க அழகாகத்தான் இருந்தது, இன்று காலை வரைக்கும்.

கல்லோடு ஊர் திரும்பும் வழியில் மலை உச்சியில் வண்டியை நிறுத்தினோம், அவனுக்கு மூத்திரம் முட்டியது, எனக்குக் கால் மரத்துவிட்டது, பிக்ஹார்ன் மலையின் மேல் ஜூன் மாதத்திலும் ஓரமாகப் பனி கிடக்கிறது, காற்று காதைப் பிடுங்குகிறது, பக்கத்தில் நெப்ராஸ்கா நம்பர் போட்ட பெரிய பிக்கப், அதன் பின்னால் எங்களுடையதைப் போல இரண்டு மடங்கு டிரெய்லர், அந்த ஆள் சூரியகாந்தி விதையைத் துப்பிக்கொண்டே வந்து எங்கள் வண்டியைச் சுற்றிப் பார்த்தான். "இந்தச் சின்ன வண்டியா இத இழுத்துட்டு மேல ஏறிச்சு? பந்தயம் கட்டியிருந்தா நான் தோத்திருப்பேன்." "தோத்துட்டியே" என்றான் டெல்மர். "ஆனா நல்லா நிக்குதுய்யா, ரசமட்டம் வெச்ச மாதிரி... இந்தப் பக்கமாவா எறங்கப் போறீங்க? டிரெய்லர்காரங்க வேற ரோட்ல போங்கன்னு பலகை போட்டிருக்கானே." "அது டூரிஸ்ட்டுங்களுக்கு." "அப்ப நான் டூரிஸ்ட்டுதான் சாமி, நான் சுத்திட்டே போறேன், என் பொண்டாட்டிக்கு நான் உசுரோட வேணுமாம்." "நீ டயப்பர் கட்டிட்டுத் திரிஞ்சப்பவே நான் இந்த ரோட்ல மாடு ஏத்திட்டு எறங்கினவன்" என்றான் டெல்மர், அந்த ஆள் கோபித்துக்கொள்ளவில்லை, என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனான். அப்போது கேட்டிருக்கலாம்... நான் ஓட்டட்டுமா டெல்மர் என்று மூன்றே வார்த்தை, நாக்கு நுனி வரைக்கும் வந்தது, ஆனால் எங்கள் ஊரில் மாடு வளர்த்த மனுஷனிடம் சாவியைக் கேட்பதும் ஒன்று, நாலு பேர் முன்னால் அறைவதும் ஒன்று, ஹால்வர்சன் பெண்டாட்டி புருஷனிடம் கேட்டாள், அவர் சாவியைக் கொடுத்துவிட்டு அன்றைக்கே படுக்கையில் போய்ப் படுத்தவர் எழுந்து உட்காரவே இல்லை. நான் பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.

இறங்க ஆரம்பித்ததும் கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது, பழுப்பாக, ஆழமாக, சாலை அதன் மேல் யாரோ விட்டெறிந்த கயிறு மாதிரி கிடந்தது, அதைப் பார்க்காமல் அவன் கையைப் பார்த்தேன். இடது கை ஸ்டியரிங்கில், வலது கை... வலது கை இறங்கி எங்கள் இருவருக்கும் நடுவில் காற்றில் எதையோ பிடித்தது, விரலை மடக்கி, தன் பக்கம் இழுத்து, கீழே தள்ளியது, இடது கால் தரையை மிதித்தது, அங்கே மிதிக்க ஒன்றுமில்லை, இந்தக் காரில் கியர்த் தண்டும் இல்லை கிளட்சும் இல்லை, பிக்கப்பில் இருந்தது, அந்தப் பிக்கப் இப்போது பில்லிங்ஸில் எவனிடமோ இருக்கிறது, டெல்மர் அதில் இரண்டாவது கியர் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தான், இயந்திரம் பிடித்துக்கொள்ளும் என்று காத்திருந்தான், அது பிடிக்கவில்லை, வண்டி வேகமாகிக்கொண்டே போனது. மறுபடியும் காற்றில் கை, மறுபடியும் கியர்... பழக்க தோஷம்தானே? நான் கூடச் சமையலறையை மாற்றிய பிறகு பழைய இடத்தில் கரண்டியைத் தேடினேனே, ஒரு மாதம் தேடினேனே, அதுதானே இது? "டெல்மர், மெதுவா." "கியர்ல போட்டிருக்கேன்" என்றான் சாந்தமாக. அவன் குரல் அவ்வளவு சரியாக இருந்தது.

பாறையை வெட்டிச் சாலை போட்ட இடம் முடிந்ததும் பக்கவாட்டில் காற்று அறைந்தது, அப்போதுதான் என் பக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் ஓரம் தெரிந்தது, தெரியக் கூடாது, நேராகப் போனால் தெரியாது, தெரிந்தது, மறைந்தது, மறுபடியும் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது, சுவரின் பின்னால் ஒளிந்துகொண்டு யாரோ என்னை எட்டி எட்டிப் பார்ப்பது மாதிரி, ஒவ்வொரு தடவையும் தைரியம் வந்து இன்னும் கொஞ்சம் வெளியே வருகிற மாதிரி, இருக்கை எனக்கு அடியில் இடமும் வலமுமாக நகர்ந்தது, யாருக்கு யார் வால் என்றே தெரியவில்லை, இழுக்குமா இழுக்குமா என்று எல்லாரும் கேட்டோம், இப்போது அதுவல்லவா எங்களை இழுக்கிறது... அப்புறம் அந்தச் சத்தம். டொக். கொஞ்சம் நிதானித்து, டொக். பின்னாலிருந்து. "மார்லிஸ், உள்ளே யாரோ நடக்கறாங்க" என்றான் டெல்மர். "யாரும் இல்ல, கல்லு உருளுது." "கல்லுக்கு ஏது காலு?" கேலியாகத்தான் சொன்னான், முகத்தில் கேலி இல்லை, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான், மாடியில் குழந்தை விழித்துக்கொண்டதா என்று கேட்பவன் மாதிரி, நானும் கேட்டேன், கேட்காமல் எப்படி இருப்பது, டொக், டொக், கட்டிலிலிருந்து இறங்கி மேஜை வரைக்கும் வந்தது, நின்றது, திரும்பிப் போனது. உருளுகிற கல் இப்படியா நிதானமாக உருளும்?

அவன் கால் பிரேக்குக்குப் போவதைப் பார்த்தேன். போகக் கூடாது, அவனே சொல்லிக்கொடுத்தான், ஸ்டியரிங்குக்குக் கீழே டிரெய்லர் பிரேக்குக்கான அந்தச் சின்னப் பெட்டியை மாட்டிய அன்று கராஜில் என்னைக் கூப்பிட்டு, "வால் ஆட ஆரம்பிச்சா கால் பிரேக்க தொடாத மார்லிஸ், இந்தப் பிடிய மட்டும் தள்ளு, பின்னால இருக்கறத புடிச்சா முன்னால இருக்கறது தானா நேராயிடும்" என்று என் விரலை அதன் மேல் வைத்துத் தள்ளிக் காட்டினான், அன்றைக்கு அவன் கையில் கிரீஸ் வாசனை, நான் காதில் பாதிதான் வாங்கினேன், நீ இருக்கும்போது எனக்கெதுக்கு என்றேன். நீ இருக்கும்போது... இருக்கிறான், பக்கத்திலேயே இருக்கிறான், பிரேக்கை மிதித்தான், டிரெய்லர் கண்ணாடியை முழுசாக நிரப்பிக்கொண்டு வந்தது, அதன் ஜன்னலும் திரைச்சீலையும் தெரிந்தது, அந்தப் பக்கம் தடுப்புக் கம்பி கூட இல்லை, வானம்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவன் ஓட்டும்போது வானொலியைக் கூட நான் தொட்டதில்லை, பெல்ட்டு கழுத்தை அறுக்க அறுக்க எட்டி அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் கையை விட்டேன், "கால எடு டெல்மர், கால எடு!" என்று கத்தினேன், பிடியைத் தள்ளினேன், பின்னால் யாரோ எங்களைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது போல இருந்தது, டயர் கதறியது, கண்ணாடியில் டிரெய்லர் சுருங்கியது, ஆடியது, சுருங்கியது, ஓரம் மறைந்தது. நான் விடவில்லை, சரளைக்கல் ஒதுங்குமிடம் வரும் வரைக்கும் விடவில்லை, "இங்க ஒதுக்கு" என்றேன், ஒதுக்கினான், நின்றது.

பிரேக் கருகிய நாற்றம் உள்ளே வந்தது. நான் அழுதேன் போலிருக்கிறது, கன்னம் ஈரமாக இருந்தது, அவன் இயந்திரத்தை அணைத்தான், சாவியை எடுத்தான், "நல்ல காத்து" என்றான், அவ்வளவுதான், இறங்கிப் பின்னால் நடந்தான். கல்லைப் பார்க்கப் போகிறான், முன்பக்கம் மாற்றுவான், நானும் உதவ வேண்டும், ஒவ்வொன்றாக மேஜைக்கு அடியில் கொண்டுபோனால் மூக்கு கனக்கும், மூக்கு கனத்தால் வால் ஆடாது, கார் உட்காரட்டும், மானம் போனால் போகட்டும், மெதுவாக உருட்டிக்கொண்டு போய்விடலாம், பாதி இறக்கம்தான் பாக்கி, நான் ஓட்டுகிறேன் என்று இப்போதாவது கேட்டுவிட வேண்டும்... இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டே கதவைத் திறந்து இறங்கினேன், காரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டெல்மர் டிரெய்லர்க் கதவின் முன்னால் நின்றான். தட்டினான். எங்கள் டிரெய்லர்க் கதவை, விரல் முட்டியால், அடுத்த வீட்டுக்குப் போனவன் தட்டுவது போல மரியாதையாக, தட்டிவிட்டு ஒரு அடி பின்னால் வந்து காத்திருந்தான். நான் போய் அவன் கையைப் பிடித்திருக்க வேண்டும், போகவில்லை, காற்று ஒரு நொடி ஓய்ந்தது, நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான், முகம் அப்படித் தெளிந்திருந்தது, இத்தனை மாதமாக நான் பார்க்காத தெளிவு, என்னிடம் வந்து என் கையைப் பிரித்துச் சாவியை வைத்து மூடினான். நான் கேட்கப் பயந்து பயந்து செத்த சாவி, கேட்காமலே வந்துவிட்டது. "நீ ஓட்டு மார்லிஸ். நான் அவங்க கூட உள்ள உக்காந்துக்கறேன், ஆட்டத்துல ரொம்பப் பயந்துட்டாங்க" என்றான். யாரு, யார் அவங்க, என்று கேட்க வேண்டும், யாரும் இல்லை டெல்மர், வா, முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார், என்று சொல்ல வேண்டும், ஓடுகிற டிரெய்லருக்குள் ஆள் உட்காரக் கூடாது என்று சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும், எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது, சொல்ல வாயும் திறந்தேன். அவன் படியில் ஏறிக் கதவைத் திறந்தான், உள்ளே இருட்டாக இருந்தது, அவன் ஏறியதும் பின்பக்கம் லேசாகத் தாழ்ந்ததைப் பார்த்தேன்.

"மேஜைகிட்ட உக்காரு டெல்மர், பின்னால போகாத" என்றேன். சரி என்று தலையை ஆட்டினான், கதவு சாத்திக்கொண்டது, நான் காரின் முன்பக்கம் பாதி தூரம் வந்த பிறகுதான், இறங்கி வா என்று சொல்லாமல், கல்லுக்கு இடம் சொல்வது போல என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.