முதல் டப்பா

டப்பாவில் என் பெயர் இருந்தது. சளி என்னுடையதல்ல.

எங்கள் வேன் ஸ்டாண்டின் ஆண்டு விழா மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வரும். அன்று காலை பத்து மணிக்கு மேல் வண்டி ஓடாது. லூரிகாஞ்சோ மலைச்சரிவில் ஓடும் அறுபது டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒரே இடத்தில் பிடிக்க வேறு நாள் கிடையாது. அதனால் சுகாதார நிலையத்து நர்ஸ் எதெல்மிரா அன்றுதான் மேசையும் குடையுமாக வந்து இறங்குவார்.

நாங்கள் யாரும் அந்த நிலையத்தின் படியேறியதில்லை. பிள்ளைக்குத் தடுப்பூசி என்றால்கூட மனைவியை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் சிகரெட் பிடிப்போம். நாங்கள் போகாததால் நிலையம் எங்களிடம் வந்தது. ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். சர்க்கரைக்கும் எச்.ஐ.வி.க்கும் விரலில் குத்துவார்கள். கடைசியில் காசநோய்ச் சோதனைக்காகக் கையில் ஒரு சளி டப்பா. அதை வீட்டுக்குக் கொண்டுபோய், மறுநாள் எழுந்ததும் எதுவும் சாப்பிடாமல், நெஞ்சிலிருந்து இருமி எடுத்துத் தரவேண்டும். எல்லாம் முடித்தவனின் அட்டையில் முத்திரை விழும். முத்திரை இல்லாதவனுக்கு டிரிப் இல்லை என்று சங்கம் சொல்லியிருந்தது. கண்ணாடி ஏற்றிய வேனுக்குள் பதினெட்டுப் பேர் மூச்சுவிடுகிற தொழில். அந்த முடிவில் தவறு சொல்ல முடியாது.

போன மார்ச்சில் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். பூனைக்கண்ணன் வந்தான். தியோஃபிலோ என்று பெயர். அதை அவன் லைசென்ஸில் மட்டும் பார்க்கலாம்.

“என்ன வாத்தியாரே, டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு படிக்கிறியா?”

பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துவிட்டு வேன் ஓட்டுகிறவனுக்கு ஸ்டாண்டில் வேறு பெயர் கிடைக்காது.

“எனக்குச் சளியே வராதுடா” என்றேன்.

“பொண்டாட்டி எதுக்கு இருக்கா? என்னோடத ரெண்டு வருஷமா அவதான் துப்பிக் குடுக்கறா. என் அட்டையப் பாரு, எவ்ளோ சுத்தமான ஆம்பளைன்னு.”

நான் சொன்னது பொய். எனக்குக் காலையில் இருமல் இருந்தது. சிகரெட் இருமல்தான். ஆனாலும் பயம். பயத்துக்குக் காரணம் நோய் இல்லை, ஹசிந்தோவின் டம்ளர்.

எங்கள் ஸ்டாண்டில் பீர் குடிப்பது எப்போதும் ஒரே கிளாஸில்தான். வட்டமாக நிற்போம். ஒருவன் ஊற்றிக் குடித்து, மிச்ச நுரையைத் தரையில் உதறிவிட்டு, கிளாஸை அடுத்தவனிடம் தருவான். முப்பது பேர் நின்றாலும் ஒரு கிளாஸ். எங்களோடு வண்டி ஓட்டிய ஹசிந்தோவுக்குக் காசநோய் என்று தெரிந்த வாரம், யாரோ ஒரு ரோஸ் நிற பிளாஸ்டிக் டம்ளர் வாங்கி வந்தார்கள்.  அவன் முறை வந்தபோது கிளாஸ் அவனைத் தாண்டிப் போனது, டம்ளர் வந்தது. அவன் மூன்று சனிக்கிழமை அதில் குடித்தான். மாத்திரை முடிந்து குணமான பிறகும் டம்ளர்தான். பிறகு வேறு ரூட்டுக்குப் போய்விட்டான்.

அந்த டம்ளரை வாங்க நானும் காசு போட்டிருந்தேன்.

மாலையில் நெலிதா ஜீன்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். மெஷினுக்குப் பக்கத்தில் டப்பாவை வைத்தேன்.

“என் எச்சில உன் பேர்ல குடுக்கணுமா?”

“முத்திரைக்குத்தான்.”

“மீசை வச்ச சளின்னு நினைப்பாங்களா?” சிரித்தாள். “சரி, வை. எனக்குத்தான் இப்பல்லாம் காலைல தொண்டையிலயே நிக்குது. எல்லாம் இந்தத் துணிப் பஞ்சு.”

என்ன நிற்கிறது, எத்தனை நாளாக என்று நான் கேட்கவில்லை. டப்பா நிரம்பிவிடும் என்ற நிம்மதிதான் இருந்தது.

புதன்கிழமை எதெல்மிரா ஸ்டாண்டுக்கு வந்தார். கையில் இரண்டு தாள்கள்.

“தம்பி ரோமுலோ, கொஞ்சம் இப்படி வா.”

என் வேனுக்குப் பின்னால் போய் நின்றோம்.

“சளியில கிருமி இருக்கு. ரெண்டு பிளஸ் போட்டிருக்காங்க. பயப்படாத, ஆறு மாசம் மாத்திரை. எங்க கண்ணு முன்னாடி முழுங்கணும், அவ்ளோதான். இது உன்னோட தாள். இது வீட்டுல இருக்கறவங்களுக்கு. நாளைக்கு உன் சம்சாரத்தையும் கூட்டிட்டு வா, அவங்களையும் பாத்துரலாம்.”

அது நெலிதாவுடையது என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லக்கூட வேண்டியதில்லை. பேசாமல் இரண்டு தாளையும் வாங்கிக்கொண்டு மறுநாள் அவளை அழைத்துப் போயிருந்தால் போதும்.

வேனுக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். என் கண்முன் ரோஸ் டம்ளர் தெரிந்தது.

“தப்பா இருக்கும் செனோரா. எனக்கு ஒண்ணும் இல்ல. இப்பவே துப்பறேன், பாருங்க.”

அவர் எதிரிலேயே இருமி எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் காலை நிலையத்துக்கே போய் இன்னொன்று கொடுத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் படியேறினேன். இரண்டிலும் கிருமி இல்லை.

வெள்ளிக்கிழமை அவரே தேடி வந்து முத்திரை குத்தினார்.

“லேப்ல டப்பா மாறிப்போச்சு போல. அந்த லேப் பொண்ண நல்லா கேட்டுட்டேன், அழுதுட்டா. வீணா உன்னைப் பயமுறுத்திட்டேன் தம்பி, மனசுல வச்சுக்காத.”

வீட்டில் இருப்பவர்களுக்கான தாளை நாலாகக் கிழித்துத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார்.

“பரவால்ல செனோரா” என்றேன்.

பழைய காகிதங்களை நம்பச் சொல்லிக்கொடுத்த படிப்பு என்னுடையது. என் கோப்பில் ‘ஆய்வுக்கூடப் பிழை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நானும் நம்பிக்கொண்டேன். முழுதாக நம்பவில்லை. முழுதாக நம்பியிருந்தால் ஏப்ரலில் நெலிதாவிடம், “ஒரு தடவ டாக்டரப் பாக்கலாமா?” என்று கேட்டிருக்க மாட்டேன். “எதுக்கு?” என்றாள். “சும்மாதான்” என்றேன். ஆர்டர் முடியட்டும் என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

மே மாதம் தூறல் தொடங்கியது. தூறலில் இருமாதவர்கள் எங்கள் சரிவில் யாரும் இல்லை. ஜூலையில் அவள் தைத்த ஜீன்ஸை அவளே போட்டுப் பார்த்து, இடுப்பில் நிற்கவில்லை என்று சிரித்தாள். ஆகஸ்டில் ஒரு ஞாயிறு மதியம், துணியின் மேல் ரத்தம் துப்பினாள்.

மருத்துவமனையில் முதல் மருந்துகள் அவளுக்கு வேலை செய்யவில்லை. மருந்துக்கு அடங்காத வகை என்றார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்று இளம் டாக்டர் ஒருவர் கேட்டார். குற்றம் சாட்டும் குரலில்லை. எல்லாரிடமும் கேட்கிற கேள்வி. தெரியவில்லை என்றேன்.

அக்டோபரில் ஒரு மாலை நெலிதா முகக்கவசத்துக்குள்ளிருந்து பேசினாள்.

“ரோமு, உனக்கு ஒட்டியிருக்குமோ?”

“பாத்துட்டாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல.”

“நல்லவேளை. எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல. உனக்குக் குடுத்திருந்தேன்னா என்னை நானே மன்னிச்சிருக்க மாட்டேன்.” மூச்சு வாங்கினாள். “அன்னைக்கு உன் பேர்ல ஒரு டப்பா குடுத்தேனே. அதுல என்ன வந்துச்சு?”

“ஒண்ணும் வரல.”

“அப்ப அதுக்கப்புறம்தான் வந்திருக்கு.”

“ஆமா.”

நான்காம் நாள் இறந்தாள். இருபத்தேழு வயது.

மறுபடி மார்ச். போன ஞாயிறு.

எதெல்மிராவின் மேசை சங்கத்துக் கொட்டகையின் ஓரத்தில் இருந்தது. பத்தடி தள்ளி நாங்கள் வட்டமாக நின்றோம். நான் போக நினைக்கவில்லை. பூனைக்கண்ணன் வீட்டுக்கே வந்து இழுத்துப் போனான். “அஞ்சு மாசமா செவுத்தையே பாத்துட்டு இருக்க. வா, சூப்பாவது குடி.” அவன் நல்லவன்தான். நெலிதாவின் சவப்பெட்டியைச் சரிவில் தூக்கியவர்களில் அவனும் ஒருவன். அன்று பாதி வழியில் இருமல் வந்து, தோளை மாற்றிக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றான்.

அவனுக்கு அந்த இருமல் இன்னும் நிற்கவில்லை. சட்டைக் காலர் கழுத்தைத் தொடாமல் நின்றது.

எதெல்மிரா பெயர் சொல்லிக் கூப்பிட்டு டப்பா கொடுத்துக்கொண்டிருந்தார்.

“தியோஃபிலோ. நாளைக்குக் காலைல, வெறும் வயித்துல. சும்மா எச்சில் துப்பாத, நெஞ்சுலேருந்து எடுக்கணும்.”

“காலைல நாலு மணிக்கு வண்டி எடுக்கறவன் நெஞ்சுல என்ன செனோரா இருக்கும், தூக்கம்தான் இருக்கும்.” வட்டத்துக்குத் திரும்பி வந்து டப்பாவைத் தூக்கிக் காட்டினான். “இது என் வீட்டுக்காரி டிபார்ட்மென்ட்டு.”

சிரித்தார்கள்.

“பூனை, உன் பொண்டாட்டி சளி உன்னை விட வீரமா இருக்கும்டா.”

“அதான் அவளையே துப்பச் சொல்றேன். சிரிக்காதீங்கடா, இங்க பாதிப் பேரு அப்படித்தான். ஏன், போன வருஷம் வாத்தியாருக்கே நான்தான் சொல்லிக்குடுத்தேன். இல்ல வாத்தியாரே?”

அப்போது கிளாஸ் என் கையில் இருந்தது. நுரை விளிம்புவரை நின்றது.

எதெல்மிரா எழுதுவதை நிறுத்தினார். தலையைத் தூக்கவில்லை. பேனா தாளின் மேலேயே நின்றது. டப்பாவை யார் நிரப்பினார்கள் என்பது பூனைக்கண்ணனுக்குத் தெரியும். அதில் என்ன இருந்தது என்பது எதெல்மிராவுக்குத் தெரியும். ஒரு வருடமாக இரண்டையும் சேர்த்து அறிந்தவன் நான் ஒருவன்தான்.

அவர் எழுந்து வந்தார்.

“தம்பி, போன வருஷம் முதல் டப்பா. அது யாரோடது?”

பூனைக்கண்ணன் குறுக்கே வந்தான். “அட, விளையாட்டுக்குச் சொன்னேன் செனோரா. அவனே பாவம், பொண்டாட்டிய இழந்துட்டு நிக்கறான். அவனைப் போய்...”

ஒரு நல்ல பொய் தானாக வந்து நின்றது. நான் தலையை ஆட்டினால் போதும். பூனைக்கண்ணன் டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோவான். அவன் மனைவி துப்புவாள். அட்டையில் முத்திரை விழும். அவன் இருமிக்கொண்டே வண்டி ஓட்டுவான்.

“நெலிதாவோடது” என்றேன்.

 அங்கிருந்த பலருக்கு இன்னும் விளங்கவில்லை. எதெல்மிராவுக்கு விளங்கியது.

“ரெண்டு பிளஸ்” என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல். “மார்ச் மாசத்துலயே.”

“ஆமா.”

“உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“அவங்களுக்கு?”

“கேட்டா. ஒண்ணும் வரலன்னு சொன்னேன்.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

“அந்தத் தாள நான்தானே கிழிச்சேன்” என்றார்.

“நான்தான் கிழிக்க வச்சேன்.”

“அந்த லேப் பொண்ணு...” என்று தொடங்கினார், முடிக்கவில்லை. திரும்பி மேசைக்குப் போனார்.

வட்டத்தில் ஒவ்வொருவருக்காக விளங்குவதை அவர்கள் முகங்களில் பார்த்தேன். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். இன்னொருவர் என்னிடமிருந்து ஓரடி நகர்ந்தார். நோய் பயம் இல்லை. எனக்கு நோய் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

பூனைக்கண்ணன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். மூடியைத் திறந்தான், மூடினான்.

“நான்தானே சொல்லிக்குடுத்தேன்” என்றான் மெதுவாக.

நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அவன் சொல்லிக்கொடுத்தது டப்பாவை நிரப்ப மட்டும்தான்.

அவன் வேன்களுக்குப் பின்னால் போனான். அங்கிருந்து இருமல் கேட்டது. நீளமான இருமல், நின்று நின்று வந்தது. எங்களில் யாரும் வேறு பக்கம் பார்க்கவில்லை, பேச்சை மாற்றவும் இல்லை. அவன் வந்து டப்பாவை மேசையில் வைத்தான்.

“காலைலயும் ஒண்ணு வேணும்” என்றார் எதெல்மிரா. மூடியில் பெயரை எழுதினார். “வீட்டுல யார் யாரு?”

“பொண்டாட்டி. ரெண்டு பொண்ணுங்க.”

“நாளைக்கு எல்லாரையும் கூட்டிட்டு வா.”

“வரேன் செனோரா.”

எங்கள் ஸ்டாண்டில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. அரை நிமிடம் தாமதித்தால் “என்ன, பிடிச்சுப் பேசறதுக்கு மைக்கா அது?” என்று கத்துவார்கள். என் கையில் நுரை அடங்கிப் பீர் தண்ணீர்போல் ஆகிவிட்டது. குடிக்க முடியவில்லை. அடுத்தவனிடம் கொடுக்க முகத்தைத் தூக்கவும் முடியவில்லை.

யாரும் கிளாஸைக் கேட்கவில்லை.