அம்மை கண்ட உடம்பு

பாவி மனுஷன் கன்னையா, போகிற நேரத்தில் அம்மையோடு போய்ச் சேர்ந்தார். கடல் கடந்து வந்த ரயில்வே கூலிகள் வரிசையாகக் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் லயத்தில் அவர் பெண்டாட்டி நல்லம்மாளுக்கு வாய்விட்டு அழக்கூட வழியில்லை. உள்ளே மகள் ரமணியும் அம்மை கண்டு வேப்பிலைப் படுக்கையில் கிடந்தாள். ஆத்தா இறங்கியிருக்கிற வீட்டில் ஒப்பாரி வைக்கலாமா?

வெயில் ஏறுவதற்குள் சுகாதார ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி சபாபதி மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வாசலோடு நின்றார்.

"இன்னிக்கே ஆத்தங்கரையில எரிச்சிடணும், துரை உத்தரவு. இந்துன்னா எரிக்கிறவங்கதானே, உங்க வழக்கப்படியே செய்யச் சொல்லியிருக்காரு."

வழக்கமாம்! துரை கண்டாரா? அம்மை போட்ட உடம்பை எரித்தால் அதில் இருக்கிற ஆத்தாளையே நெருப்பில் போட்டதாகும். அந்தக் கோபம் யார் மேல் இறங்கும்? ரமணி மேல்தான்.

"ஐயா, அம்மை கண்டவங்கள நாங்க புதைக்கிறதுதான். உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியும்மா. துரைக்கு யாரு சொல்றது? வேதக்காரங்க, அந்தக் கிறிஸ்தவங்கன்னா மட்டுந்தான் சுண்ணாம்பு கொட்டிப் புதைக்க விடுவாங்க."

அவள் யோசிக்கவே இல்லை. "அவரும் வேதத்துல சேர்ந்துட்டாருங்க."

சபாபதி அவளை ஏற இறங்கப் பார்த்தார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"சரி, அப்படியே சொல்லிடுறேன். பின்னால பேச்சு மாறினா தோண்டி எடுத்து எரிப்பாங்க, பாத்துக்க."

கன்னையா சிலுவைக்குக் கீழே போனார். ஒரு கை பால் தெளிக்க ஆளில்லை.

ரமணி பிழைத்தாள். அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள், கன்னையாவின் தம்பி ரெங்கசாமி கிள்ளானிலிருந்து எள்ளும் பச்சரிசியுமாகக் காரியம் செய்ய வந்து இறங்கினான். கத்தாமல் ஒரு வார்த்தை பேசத் தெரியாதவன். சேதி வழியிலேயே அவன் காதில் விழுந்திருந்தது.

"என்ன மதனி, அண்ணன் வேதத்துல சேர்ந்துட்டாராமே? பொய்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே காரியத்த முடிச்சிடுறேன்."

லயமே வாசலில் கூடி நின்றது. பொய் என்று சொன்னால் பொழுது சாய்வதற்குள் கிராணிக்கு எட்டிவிடும். குழியைத் தோண்டுவார்கள், நெருப்பு வைப்பார்கள். போன ஆத்தா பிள்ளை மேல் திரும்பி வர எவ்வளவு நேரமாகும்?

"நெசந்தான் தம்பி. நம்ம காரியம் எதுவும் அவருக்கு வேணாம்."

ரெங்கசாமி கத்தவில்லை. காறித் துப்பியிருந்தால்கூடத் தேவலை. கொண்டுவந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனான்.

அதோடு, புருஷன் பேரைச் சொல்லிக் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்கிற உரிமையும் நல்லம்மாளுக்கு இல்லாமல் போயிற்று.