யாருக்கு எப்போது தெரியும்

வெள்ளைப் பலகையில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்கேல் இல்லாததால் கோடுகள் வலப்பக்கம் போகப் போகச் சரிந்தன. ஞாயிறு காலை, வெளியே விடாத மழை. பெங்களூர் ஜோகுபாளையத்தில் என் வீட்டு முன்னறையில் நடக்கும் திரைக்கதை வகுப்புக்கு ஐந்து பேரில் மோனிகா மட்டுமே வந்திருந்தாள்.

"மத்தவங்கல்லாம் எங்க?"

"போர்வைக்குள்ள க்ளைமாக்ஸ் யோசிக்கறாங்க, யாமினிக்கா."

மோனிகா ஈஜிபுராவில் கணக்கு டீச்சர். பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில். பதினான்கு வருஷத்துக்கு முன் இறந்துபோன தன் அண்ணன் வின்சென்ட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். முதல் பிரதியில் பெயர்களை மாற்றாதே, மாற்றினால் ஆட்கள் பொம்மையாகிவிடுவார்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அதனால் எல்லோரும் சொந்தப் பெயரிலேயே இருந்தார்கள்: வின்சென்ட், அம்மா குளோரியா, வின்சென்ட்டின் சிநேகிதன் மைக்கேல்ராஜ், மோனிகா. அந்த மைக்கேல்ராஜைத்தான் அவள் பிற்பாடு கல்யாணம் செய்துகொண்டாள். அம்மாவும் இப்போது அவர்களோடுதான் இருக்கிறார்.

இந்த அட்டவணை எனக்கு மிகப் பிடித்த கருவி. மேலே, கதையின் முக்கியமான உண்மையை ஒரே வரியில் எழுத வேண்டும். இடப்பக்கம் காட்சி எண்கள். தலைப்பில் ஆட்களின் பெயர்கள், கடைசியாகப் பார்வையாளர். அந்த உண்மை யாருக்கு எந்தக் காட்சியில் தெரிய வருகிறதோ அந்தக் கட்டத்தில் டிக். பார்வையாளருக்கு முதலில் டிக் விழுந்தால் நாயகிக்காகப் பயப்படுவார். நாயகிக்கு முதலில் விழுந்தால், அவள் எதை மறைக்கிறாள் என்று துருவுவார். விதி ஒன்றுதான். ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு வாசல் வேண்டும். யாரோ சொல்லியிருக்க வேண்டும், இல்லை கண்ணால் பார்த்திருக்க வேண்டும். வாசல் இல்லாத டிக் கதையில் இருக்கும் ஓட்டை.

பலகையின் மேலே எழுதினேன்: 'வின்சென்ட் திரும்பி வரமாட்டான்.'

கதை எளியது. தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிற வின்சென்ட் ஒருநாள் திரும்பவில்லை. ரயிலை விட்டிருப்பான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மூன்றாம் நாள், சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுக்குப் பின்னால் மழைநீர் தேங்கிய குழியில் கிடைக்கிறான். கால் வழுக்கி விழுந்தான் என்று முடித்துவிடுகிறார்கள். அது காட்சி இருபத்துமூன்று. எல்லோருக்கும் அங்கேதான் டிக் விழ வேண்டும்.

காட்சி பதினொன்றில் என் மார்க்கர் நின்றது.

முதல் நாள் ராத்திரி, அவன் வரவேண்டிய ரயில் வந்துபோன பிறகு. அவர்கள் வீட்டில் வெளியூர் போனவருக்குச் சோறு போட்டு மூடிவைத்த தட்டை அவரே வந்துதான் திறக்க வேண்டும். வராவிட்டாலும் விடியும்வரை யாரும் தொடமாட்டார்கள். அன்று அந்தத் தட்டை மைக்கேல்ராஜ் எடுக்கிறான். சோற்றைப் பானையில் திரும்பக் கொட்டுகிறான், தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறான். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே முந்தானையில் கையைத் துடைத்துக்கொள்கிறாள். கதவோரம் நின்று மோனிகா பார்க்கிறாள்.

"அழகான காட்சி. ஆனா ஒரு ஓட்டை இருக்கு," என்றேன், புதிர் அவிழ்ந்த சந்தோஷத்தில். "அவன் வருவான்னுதானே எல்லாரும் இருக்காங்க? அப்புறம் இவர் எதுக்குத் தட்டக் கழுவறாரு?"

"ஹெல்ப் பண்ணாருக்கா. அதப் பாத்துதான் எனக்கு அவர்மேல..." சிரித்தாள். "அது லவ் சீன்."

"இருக்கட்டும். ஒரு வாசல் வெச்சிரு. இன்னைக்கு வரமாட்டேன்னு வின்சென்ட் இவருக்குப் போன் பண்ணான்னு."

"போன் வரலக்கா."

"கதையில வரட்டுமே."

"வரலக்கா. நான் பக்கத்துலயே இருந்தேன்."

சிரிப்பு அவள் முகத்திலேயே இருந்தது, எடுக்க மறந்துவிட்டதுபோல. கணக்கு டீச்சர். எழுந்து என் கையிலிருந்து மார்க்கரை வாங்கி, பதினொன்றுக்கு நேராக, மைக்கேல்ராஜ் என்ற பெயருக்குக் கீழே டிக் போட்டாள். அழிக்கச் சொல்ல வாயெடுத்தேன். எந்தக் காரணத்தைச் சொல்லி அழிக்கச் சொல்வது என்று தெரியவில்லை.

கேட் திறக்கும் சத்தம். அவளைக் கூட்டிப்போக எப்போதும் பன்னிரண்டு மணிக்கு வருகிற மைக்கேல்ராஜ் பதினொரு மணிக்கே வந்துவிட்டான். லிஃப்ட் மெக்கானிக். எது எப்படி வேலை செய்கிறது என்று கேட்காமல் இருக்கமாட்டான், அதனாலேயே எனக்கு அவனைப் பிடிக்கும்.

"ஏனு மேடம், இன்னைக்கு ஒரே ஸ்டூடன்ட்டா?" ரெயின்கோட்டை வாசலில் உதறினான். "இது என்ன, சர்க்யூட் மாதிரி இருக்கு?"

"யாருக்கு எப்ப விஷயம் தெரியும்னு..." பழக்க தோஷத்தில் ஆரம்பித்துவிட்டேன். பாதியில் நிறுத்தினேன்.

அவனுக்குப் பாதியே போதுமாக இருந்தது. மேலே எழுதியிருந்ததை வாசித்தான். விரலை வைத்து வரிசை வரிசையாகக் கீழே இறங்கினான். தன் பெயருக்குக் கீழே விரல் நின்றது. கோபம் வரும், குறைந்தது சிரிப்பாவது வரும் என்று காத்திருந்தேன்.

"கரெக்ட்டா இருக்கு," என்றான். "ஆனா அதே லைன்ல அத்தைக்கும் ஒரு டிக் வரணும் மேடம். இவ விட்டுட்டா."

ஒரு ஒயர் விட்டுப்போயிருக்கிறது என்று சொல்கிற குரல்.

மோனிகா பலகையைப் பார்த்தபடியே கேட்டாள்: "அம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"வீட்டுக்குப் போய்ப் பேசலாம் வா. அத்தையும் இருப்பாங்கல்ல."

"நீ இங்கயே இரு மோனிகா," என்றேன். "மழை விடட்டும்." என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

அவள் பலகையை விட்டுத் திரும்பினாள். கதை எழுதிய நோட்டைப் பைக்குள் வைத்தாள், பிறகு வெளியே எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

ஜன்னலுக்குப் போனேன். அவன் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தான். அவள் கடைசிப் படியில் நின்றாள். ஹெல்மெட்டின் வார் போடப்படாமல் தொங்கியது. அவன் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி, பின் சீட்டிலிருந்த தண்ணீரை உள்ளங்கையால் வழித்துவிட்டான். அவள் அசையவில்லை. சீட் மறுபடி நனைந்தது. மறுபடி வழித்துவிட்டான்.