கூலரோடு கூடவே வந்தது

கணினிக்குள் சூட்டைத் தணிக்கும் கூலர் கையோடு வந்துவிட்டது. அது வர வேண்டியதுதான். ஆனால் வரவே கூடாத ப்ராசசரும் அதன் அடியில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். பிஸ்கட் அளவு சதுரம். அடிப்பக்கம் முழுக்க, தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த பொன்னிறப் பின்கள், நூற்றுக்கணக்கில். ஒரு மூலையில் மட்டும் காற்றடித்த பயிர் மாதிரி சாய்ந்து கிடந்தன. கணினியின் மூளையைப் பூட்டைத் திறக்காமலே பிடுங்கியாயிற்று. அதுவும் அக்காவின் கணினியில். அக்கா தானே வடிவமைத்த முதல் வீட்டின் வரைபடம் அதில்தான் இருக்கிறது; நாளைக் காலையில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

புத்தகங்களின் மேல் சாய்த்து வைத்திருந்த போன் இன்னும் அவளைப் படம்பிடித்துக்கொண்டிருந்தது. எட்டி அணைத்தாள்.

எப்போதோ ஒரு நாள் ஓடாத மிக்சியை ஓட வைத்ததிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கு டாக்டர் என்று பேர். மாமா வந்தால் முதல் கேள்வியே, "டாக்டரம்மா, இன்னைக்குக் கூட்டம் எப்படி?" என்பதுதான். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அக்காவும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

"டாக்டர், இந்தக் கம்ப்யூட்டர் ஃபேன் தொண்டை கட்டின மாதிரி கத்துது. சாயங்காலத்துக்குள்ள என்னன்னு பாரேன்."

பார்த்தாள். ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பசை சிமெண்டாகக் காய்ந்து, சூடு இறங்காமல் ஃபேன் கத்தியது. துடைத்துப் புதுசு போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதற்கு முன்னால் கணினியைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு, பசை இளகியதும் அணைத்து, சூடு ஆறுவதற்குள் கூலரை இடமும் வலமுமாகத் திருப்பி எடுக்க வேண்டும். இது அவளுக்குத் தெரியாததில்லை. ஓடவும் விட்டாள், அணைக்கவும் அணைத்தாள்.

அப்போதுதான் அந்த ஆசை வந்தது. வகுப்பு க்ரூப்பில் போட ஒரு வீடியோ. மேசை விளக்கைத் திருப்பினாள். தலையை வாரினாள். முதல் தடவை வாய் குழறியது. இரண்டாம் தடவை அம்மாவின் குக்கர் விசிலடித்தது. மூன்றாம் தடவை தெளிவாகச் சொன்னாள்: "முக்கியமான விஷயம், சூடு ஆறவே கூடாது. ஆறிப்போச்சுன்னா ஒட்டிக்கும்." அதைச் சொல்லி முடிக்கும்போது எல்லாம் ஆறிப்போயிருந்தது. திருப்பினால் கை மறைக்குமே என்று கேமராவுக்காக ஒரே இழுப்பாக மேலே இழுத்தாள்.

வகுப்பில் இந்த வேலை தெரிந்தவன் ஒருவன்தான். கண்ணாடியின் கனத்துக்காக அவனைச் சோடாபுட்டி என்பார்கள். போன் போட்டாள்.

"டேய், ஒரு சந்தேகம். என் ஃப்ரெண்டு ஒருத்தி கூலரை எடுத்தாளாம், ப்ராசசரும் சேர்ந்து வந்துடுச்சாம்."

"எந்த ஃப்ரெண்டு?"

"உனக்குத் தெரியாது."

"உனக்கு இருக்கிற ஃப்ரெண்டே நான் ஒருத்தன்தான். சரி, அந்த ஃப்ரெண்டு திருப்பினாளா, புடுங்கினாளா?"

அவள் மேசையிலிருந்த கத்தியைக் கையில் எடுத்தாள்.

"புடுங்கியிருக்கா. கத்தி கித்தி வச்சு நெம்பலையே?"

"கையில எடுத்திருக்கா. இன்னும் வைக்கல."

"கீழ போடச் சொல்லு. நெம்பினா ரெண்டும் போச்சு. ஹேர் டிரையர் இருக்கா? கூலரோட உலோகத்துல காட்டணும், பின்னு இருக்கிற பக்கம் காட்டக் கூடாது. சூடு ஏறினதும் ப்ராசசரை ஓரத்துல பிடிச்சு மெல்லத் திருப்பணும். அசையலைன்னா பல்லு இடுக்குல விடுற நூலை நடுவுல விட்டு அறுக்கணும். ரம்பம் மாதிரி."

அக்காவின் டிரையரையே எடுத்தாள். துண்டை விரித்து, பின்கள் எதிலும் படாமல் கூலரைச் சாய்த்து வைத்துச் சூடு காட்டினாள். திருப்பினாள், அசையவில்லை. மறுபடி சூடு. மறுபடி திருப்பல். கடைசியில் நூலை இடுக்கில் நுழைத்து இப்படியும் அப்படியுமாக அறுக்க, அடம்பிடித்த குழந்தை அழுது ஓய்ந்து கையை விடுகிற மாதிரி ப்ராசசர் தானாக நழுவி அவள் விரல்களுக்குள் வந்தது. அப்போதுதான் மூச்சு விட்டாள்.

இனி சாய்ந்த பின்கள். பென்சில் லெட் உருவிய பிறகு மைக்ரோ பென்சிலின் மூக்கில் ஒரு துளை இருக்கும். அதை ஒவ்வொரு பின்னிலும் தொப்பி மாதிரி மாட்டி நிமிர்த்தினாள். வரிசை ஒழுங்குக்கு வந்துகொண்டிருந்தது. கடைசிப் பின்னுக்கு வரும்போது வாசலில் வண்டிச் சத்தம்.

"அக்கா வந்துட்டா, கதவைத் திற" என்றாள் அம்மா.

அவசரமாக நிமிர்த்தினாள். அந்தப் பின் ஒடிந்து துண்டில் விழுந்தது. சத்தம்கூட வரவில்லை.

"தலைவலிக்குதும்மா, முதல்ல ஒரு டீ" என்ற அக்காவின் குரல் சமையலறைப் பக்கம் போனது. அந்த ஒரு டீ நேரத்தில் ப்ராசசரை இறக்கி, பூட்டி, பசை வைத்து, கூலரை முடுக்கினாள். உயிர் வந்தது. ஆனால் நினைவகம் பதினாறு ஜிபி என்று காட்ட வேண்டிய இடத்தில் எட்டு என்றது.

"அந்த ஒரு பின் போனதால ஒரு மெமரியை அதுக்குத் தெரியல. ஓடும், ஆனா நொண்டும்" என்றான் போனில் சோடாபுட்டி. "அக்காகிட்ட சொல்லிடு. அந்த ஃப்ரெண்டைச் சொல்லச் சொல்லு."

சொல்லத்தான் போனாள். அதற்குள் அக்கா கணினிமேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, மாமாவுக்கே போன் போட்டுவிட்டாள்.

"மாமா, உங்க டாக்டரம்மா கைராசி. பூனை நடக்கிற மாதிரி ஓடுது."

அவள் கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டு வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். சூடு ஆறவே கூடாது என்று தலைவாரிய ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த முகத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று அழித்தாள். அழித்த பிறகும் காது சுட்டது.

சாப்பாடு முடிந்து அக்கா வரைபடத்தைத் திறந்தாள். அது திறப்பதற்குள் ஒரு கொட்டாவியே விட்டுவிடலாம். சுட்டியை இழுத்தால் வீடு நின்று நின்று நகர்ந்தது. ஒரு தடவை உறைந்தே போனது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு" என்றாள் அக்கா. பிறகு தானே பதிலும் சொல்லிக்கொண்டாள். "என் மேலதான் தப்பு. ஆசைப்பட்டு வீட்டைச் சுத்தி மரமா நட்டுட்டேன். கனம் தாங்கல."

அந்த மரங்களை அக்கா இலை இலையாக வரைந்திருந்தாள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அதில்தான் போயின. பின்கட்டில் இருந்த மரத்தைத் தொட்டாள், அழித்தாள். படம் கொஞ்சம் இளகியது. பக்கத்து மரத்தையும், அடுத்தடுத்தவற்றையும் ஒவ்வொன்றாக அழித்தாள்.

"அக்கா."

"ம்?"

"ஒண்ணுமில்ல."

ஒடிந்த அந்தப் பொன்னிறப் பின் அவள் பென்சில் டப்பாவில், ரப்பருக்கு அடியில் இருந்தது. இன்னொரு முறை வாயைத் திறந்தாள். அக்கா நாற்காலியைத் தள்ளி, தன் பக்கத்தில் இடம் பண்ணிக்கொடுத்தாள்.

"வா, உட்காரு. நீ இல்லேன்னா இன்னைக்கு நான் கடைகடையா அலைஞ்சிருப்பேன்." அக்காவின் கண்கள் திரையைவிட்டு நகரவில்லை. "இன்னும் ரெண்டே மரம்தான் மிச்சம். வாசல்ல ஒண்ணு, ஜன்னலோரம் ஒண்ணு. நீயே சொல்லு டாக்டர், எதை எடுக்கட்டும்?"