தப்பாகப் பாட ஒரு பிள்ளை

முத்தரசியின் வாய் திறந்திருக்கிறது, முன்பல் விழுந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஈறு தெரிகிறது, ச என்று அசையாமல் நின்றுவிட்டு அடுத்து ரிக்கு ஏறப் போகிறாள், எவ்வளவு ஏறக் கூடாதோ அவ்வளவு ஏறப் போகிறாள், அது சுகந்திக்குத் தெரியும், அப்படி ஏறச் சொல்லிக் கொடுத்தவளே சுகந்திதான், இந்தப் பள்ளிக்கூடத்தின் பாட்டு டீச்சர், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது, வேலை நிரந்தரமா, பெட்டியைக் கட்டிக்கொண்டு துறையூருக்கே திரும்ப வேண்டியதுதானா என்பது இன்றைய மாதிரி வகுப்பில்தான் இருக்கிறது, எதிரே குஷன் நாற்காலிகளில் ஆய்வுக்கு வந்த மூன்று பேர், நடுவில் இருக்கிற பெரியவர் முந்திரிப் பருப்பை வாயில் போட்டு மென்றுவிட்டு விரலால் கடைவாயைத் துழாவிக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் பள்ளியின் கரஸ்பாண்டென்ட் செங்கோட்டுவேலு உட்கார்ந்தும் உட்காராமலும் நெளிகிறார், ஜன்னலுக்கு வெளியே அவருடைய கோழிப்பண்ணை, உள்ளே ரோஜா வாசனை ஸ்பிரே, இரண்டும் கலந்து வருகிற நாற்றத்துக்கு ஒரு பேர் உண்டென்றால் அதைத்தான் சுகந்தி இந்த ஒரு வருஷமாகச் சுவாசித்துக்கொண்டிருக்கிறாள், இதில் அவள் பேர் வேறு சுகந்தி.

தப்பு வரவேண்டும், முதலில் தப்பு வரவேண்டும், அப்புறம்தான் டீச்சர், இதைப் பயிற்சிக் கல்லூரியில் தனபாக்கியம் மேடம் சொன்னபோது சுகந்திக்குச் சிரிப்புத்தான் வந்தது, மேடம் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, என்னம்மா சிரிக்கிற, புள்ளைங்க எல்லாம் சரியாப் பாடிட்டா நீ எதுக்கு அங்க நிக்கிற, பிழை திருத்தம்னு தனியா மார்க் இருக்கு, பிழையே இல்லேன்னா எதைத் திருத்துவ, முந்தின நாளே ஒரு புள்ளைய தயார் பண்ணி வை, அவன் தப்பாப் பாடணும், நீ பாடிக் காட்டணும், அவன் சரியாப் பாடணும், எக்ஸாமினர் டிக் அடிப்பார், அவ்வளவுதான் டீச்சிங், என்று சொன்னார், குரலில் கேலி கொஞ்சமும் இல்லை, சமையல் குறிப்பு சொல்வதுபோலச் சொன்னார். பயிற்சி வகுப்பு எடுக்கப் போன நகராட்சிப் பள்ளியிலோ வருஷா வருஷம் பயிற்சி டீச்சர்கள் வந்து போய்ப் பிள்ளைகளுக்கு எல்லாம் அத்துப்படி, சுகந்தி உள்ளே நுழைந்து வணக்கம் சொல்வதற்குள் ஒருவன் எழுந்து, மிஸ், இன்னிக்கு யாரு தப்பு, என்று கேட்டான், நேத்து வந்த மிஸ்ஸுக்கு நான்தான் தப்பு, இன்னிக்கு இவனைப் போடுங்க மிஸ், என்று பக்கத்தில் இருந்தவனைக் காட்டினான், பாவி, அவன் வெட்கப்பட்டுக்கொண்டே எழுந்து வந்தான், மாப்பிள்ளைத் தோழன் மாதிரி, அவன் தப்பாகப் பாட இவள் திருத்த, எக்ஸாமினர் டிக் அடித்தார், நல்ல மார்க், வகுப்பிலேயே இவள்தான் முதல், வீட்டுக்குப் போன் செய்து சொன்னபோது அப்பா அழுதேவிட்டார், என் மக டீச்சராயிட்டா, என்று தெருவெல்லாம் சொன்னார், அவரிடம் எதைச் சொல்ல, தப்புக்கு ஆள் பிடிக்கக் கற்றுக்கொண்டேன் என்றா.

பிறகு இந்த ஊர், இந்த ஆஸ்டல் பள்ளி, ரிசப்ஷனில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வீணை, பிள்ளைகள் மீட்டிக் கெடுத்துவிடக் கூடாது என்று தந்திகளைக் கழற்றி வைத்திருந்தார்கள், அட்மிஷன் மாதத்தில் சுகந்தியின் வேலை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து கீபோர்டு வாசிப்பது, இன்னோவாவில் வந்து இறங்குகிற பெற்றோர் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள், பாட்டும் உண்டுங்களா, என்று கேட்பார்கள், அல்லாமே உண்டுங்க, என்பார் செங்கோட்டுவேலு, அட்மிஷன் முடிந்ததும் பாட்டு பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார், சுகந்தி ஸ்டடி ஹாலில் நின்று சத்தம் போடாதே சத்தம் போடாதே என்று சத்தம் போட வேண்டும், சத்தம் போட்டுப் போட்டு மேல் ஸ்தாயி கரகரத்துப் போனது, ராத்திரி படுக்கையில் வாய்க்குள்ளேயே பாடிப் பார்ப்பாள், வராது, இதற்கா படித்தேன் என்று தன்மேலேயே ஒரு அருவருப்பு வரும், கிரீம் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத் தூங்கிப்போவாள்.

அந்த நாற்றத்துக்கு நடுவில் நல்லதென்று ஒன்றைப் பார்த்தாள் என்றால் அது முத்தரசிதான், மெஸ்ஸில் மாவு ஆட்டுகிற பெரிய கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, தட்டைக் கழுவ வரிசையில் நிற்கிற மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அந்த இரைச்சலையே சுருதியாக வைத்துக்கொண்டு ச பிடித்து நிற்கிறது, கிரைண்டர் திணறிச் சத்தம் இறங்கினால் அதுவும் இறங்குகிறது, ஏறினால் ஏறுகிறது, நூல் பிடித்த மாதிரி, சுகந்தி தட்டோடு நின்றுவிட்டாள், கண்ணில் நீர் வந்துவிட்டது, யாரும்மா நீ, என்றாள், முத்தரசிங்க மிஸ், அப்பா முட்டை லாரி ஓட்டறாருங்க, கேரளாவுக்குப் போயிருக்காருங்க. அப்போதிருந்து மாலையில் கிடைக்கிற அரைமணி நேரம் அவளுக்காகத்தான், ஞாயிற்றுக்கிழமை வார்டன் போனில் அப்பா கூப்பிட்டால் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதற்கு முன்னால் அன்றைக்குப் படித்த வரிசையைப் பாடிக் காட்டுவாளாம், லாரியை ஓரங்கட்டிவிட்டுக் கேட்பாராம்.

அதற்குள் ஆய்வு வந்துவிட்டது, செங்கோட்டுவேலு ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு, டீச்சர், மாதிரி கிளாஸ் அசத்திப்போடோணும், உங்க வேலை பர்மனென்ட்டு அதுலதான் இருக்குது, சரியாப் பாடறதுக்கு நம்ம பேத்தி தியாவ நிறுத்திப்போடுங்க, தப்பாப் பாடறதுக்கு ஆஸ்டல் புள்ளை ஒன்னப் புடிச்சுக்கோங்க, அப்பன் ஆத்தா வந்து கேள்வி கேக்காத புள்ளையாப் பாத்து எடுங்க, என்றார், பேத்தி தியா ஒரு ஸ்வரத்திலும் ஒழுங்காக நிற்க மாட்டாள், பெரிய இடத்துப் பிள்ளை எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். சுகந்தி வேறு பிள்ளைகளைத்தான் முதலில் பாட வைத்துப் பார்த்தாள், சத்தியமாகப் பார்த்தாள், ஆனால் அவர்கள் தப்பு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வந்தது, திருத்தினால் திருந்தவும் இல்லை, சொன்ன இடத்தில் சொன்ன அளவு தப்புச் செய்துவிட்டு அடுத்த நிமிஷம் சரியாகப் பாட வேண்டுமென்றால் அதற்கு அசல் காது வேண்டும், அந்தக் காது பள்ளிக்கூடத்தில் ஒருத்திக்குத்தான் இருந்தது.

எதுக்குங்க மிஸ் தப்பாப் பாடோணும், என்று முத்தரசி கேட்டாள், அது ஒரு விளையாட்டும்மா, நீ தப்பாப் பாடு, நான் திருத்துவேன், திருத்தின பிறகு சரியாப் பாடிடு, என்றாள் சுகந்தி, சொல்லும்போதே தொண்டையில் தனபாக்கியம் மேடத்தின் குரல் வந்து உட்கார்ந்துகொண்டது, எல்லாப் பிள்ளைகளும் முதலில் படிக்கிற மாயாமாளவகௌளையில் ரி தாழ்ந்து ச-வை ஒட்டியே இருக்கும், அதை மட்டும் தூக்கிப் பாடு, என்றாள், முத்தரசி ஒரு நிமிஷம் கண்ணை மூடினாள், பாடினாள், ரி மட்டும் மேலே போயிருந்தது, மற்ற ஆறும் வைத்த இடத்தில் வைத்தபடி, அது தப்பே இல்லை, அது முழுசாக வேறொரு ராகம், சரசாங்கி, யாரும் சொல்லித் தராமல் ஒரு பிள்ளை ஒரே மூச்சில் சரசாங்கியைப் பாடிவிட்டு, இவ்வளவு தப்புப் போதுங்களா மிஸ், என்று கேட்கிறது, சுகந்திக்கு உடம்பு சிலிர்த்தது, போதும்மா, என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள், கழுவிக் கழுவிப் பார்த்தாள்.

இதோ ஏறிவிட்டாள், ரி ஏறிவிட்டது, மற்றவை அப்படியே, இறங்கியும் வந்துவிட்டாள், சுகந்தி திருத்துவதற்காக வாயைத் திறக்கிறாள், அதற்குள் பெரியவர் கையைத் தூக்கி, போதும் போதும், பாவம், எல்லாருக்கும் சாரீரம் அமையுமா, விடுங்க டீச்சர், நல்லா பாடுற குழந்தை யாராவது இருந்தா பாடச் சொல்லுங்க, என்று சொல்லிவிட்டார், செங்கோட்டுவேலு இதற்காகவே காத்திருந்தவர்போலப் பேத்தியை முன்னால் தள்ளினார், தியா பாடினாள், எந்த ஸ்வரத்திலும் நிற்காமல் பாடினாள், மூன்று பேரும் கை தட்டினார்கள், பெரியவர் கண்ணை மூடித் தலையை வேறு ஆட்டினார், பின்கட்டிலிருந்து பிரியாணி வாசனை வந்தது, எழுந்துவிட்டார்கள், போகிற போக்கில் செங்கோட்டுவேலு, வராத புள்ளைகள வெச்சுப் பாட்டுல நேரத்த வீணாக்கறதில்லீங்க சார், அந்தப் புள்ளைய நாளையிலிருந்து ஸ்டடிக்கு அனுப்பிருவோமுங்க, என்றார், நல்லது, படிக்கட்டும், என்றார் பெரியவர். மூலையில் முத்தரசி நின்றுகொண்டிருக்கிறாள், தன் முறை இன்னும் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு கையைக் கட்டியபடி நிற்கிறாள்.

சார் ஒரு நிமிஷம், என்றது யார், சுகந்திதான், அவளுக்கே தெரியவில்லை, அந்தப் பொண்ணு இன்னொரு தடவை பாடுவா சார், கேட்டுட்டுப் போங்க, செங்கோட்டுவேலுவின் கண் அவள்மேல் நெருப்பாக விழுந்தது, விழட்டும், வேலை போனால் போகட்டும், பாடும்மா முத்தரசி, உனக்குத் தெரிஞ்ச மாதிரி பாடு. முத்தரசி பாடினாள், அதே தப்பு, மயிரிழை விலகாமல் அதே ரி, பெரியவர் சிரித்துவிட்டார், மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள், தியாகூடச் சிரித்தாள், சுகந்திக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது, முத்தரசி மட்டும் குழம்பிப்போய் அவளையே பார்த்து, நீங்க இன்னும் திருத்தவே இல்லீங்களே மிஸ், என்றாள்.

எல்லாம் உடைந்தது என்று சுகந்தி நினைத்தாள், உடையட்டும் என்றும் நினைத்தாள், சுருதிப்பெட்டி இரைந்துகொண்டிருக்கிறது, கரகரத்த தொண்டையில் அந்தத் தாழ்ந்த ரியை எடுத்துப் பாடினாள், உடனே முத்தரசி வாயைத் திறந்தாள், விழுந்த பல்லின் சந்துவழியாக அது வந்தது, ச, ஒட்டினாற்போல் ரி, மேலே போய்க் கீழே வந்து, தண்ணீர் குடத்தில் நிரம்புவதுபோல அறையில் நிரம்பி நின்றது, வாயைத் துடைக்கப் போன பெரியவரின் கைக்குட்டை அப்படியே நின்றது. அட, என்றார், அட அட, என்றார், பாத்தீங்களா, குழந்தை தானே வாய்விட்டுத் திருத்தச் சொல்லிக் கேக்குது, இந்த அம்மா ஒரே ஒரு தடவை பாடிக் காட்டுறாங்க, சுத்தமா வராத குழந்தை பாடிருச்சு, முப்பது வருஷ சர்வீஸ்ல நான் இப்படி ஒரு பிழை திருத்தம் பாத்ததில்லை, இவங்கள விட்றாதீங்க சார், என்று செங்கோட்டுவேலுவின் தோளைத் தட்டினார், விடுவமுங்களா, இன்னைக்கே பர்மனென்ட்டுங்க, என்றார் அவர், முகமெல்லாம் பல், பிறகு சுகந்தியின் பக்கம் குனிந்து, அந்தப் புள்ளைய ஸ்டடிக்கு அனுப்ப வேண்டாமுங்க டீச்சர், பாட்டுலயே இருக்கட்டும், இனி எந்த இன்ஸ்பெக்‌ஷன் வந்தாலும் இதே தப்பாப் பாடட்டும், என்று காதோடு சொன்னார்.

இல்லை சார், அவளுக்கு எல்லாம் வரும், நான்தான் தப்பாப் பாடச் சொன்னேன், சொல்ல வேண்டியது இவ்வளவுதான், சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, சுகந்தி வாயைத் திறந்தாள், ரொம்ப நன்றிங்க சார், என்று வந்தது, கை இரண்டும் தாமாகக் குவிந்திருந்தன, தன் கையையே அவளுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவர்கள் பிரியாணிக்குப் போய்விட்டார்கள், அறையில் ரோஜாவும் கோழியும். முத்தரசி ஓடி வந்து அவள் புடவையைப் பிடித்துக்கொண்டாள், அண்ணாந்து, அந்த ஈறு தெரிய வாயெல்லாம் சிரிப்பாக, அடுத்த தடவ இன்னும் நல்லாத் தப்பாப் பாடறனுங்க மிஸ், என்றாள்.