இரைச்சல் நீக்கம்

"கண்ணை மூடிக்கம்மா" என்றான் மகன். மூடினாள். மருத்துவமனை மருந்தகத்தில் நின்று டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைப் படித்துப் படித்தே தேய்ந்த கண்கள் அவை, முந்தாநாள்தான் ஓய்வு பெற்றிருந்தன. மடியில் வழவழவென்று ஏதோ வந்து உட்கார்ந்தது. திறந்து பார்த்தால் டேப்லெட். அதற்குச் சிவப்பு ரிப்பன் வேறு. மருமகள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாமியார் அழப்போகும் கணத்துக்காகக் காத்திருந்தாள். வீட்டில் மாமியாருக்குப் பட்டாசு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு போய்விட்டது.

"இன்னும் இருக்கும்மா. அந்த முக்கோணத்தை அமுக்கு."

அமுக்கினாள். ஒரு பையனின் குரல் வந்தது. "இது தபால்காரன். எழுதினது நானும் அக்காவும்." அவ்வளவுதான். அதற்கப்புறம் திரையில் ஒரு கோடு நகர்ந்துகொண்டே இருந்தது, சத்தமே இல்லை.

சோபாவில் இருந்த பட்டாசின் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "என் ராசா! எவ்ளோ தெளிவா பேசுறான் பாரு. ஒரு எடத்துலகூட திக்கலையே!"

பட்டாசுக்கு அப்போதுதான் உறைத்தது. தம்பி திக்காமல் ஒரு வாக்கியம் பேசி அவள் கேட்டதே இல்லை. தன் பெயரைச் சொல்வதற்குள் எதிரில் நிற்பவன் பஸ் ஏறிப் போய்விடுவான் என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள். இந்தக் குரல் அவனுடையதுதான். பேச்சு மட்டும் யாருடையதோ.

"இது இருந்த கேசட்ட எங்கேருந்துடா எடுத்த?"

"உன் அலமாரியிலதாம்மா. பழைய கம்ப்யூட்டர் பக்கத்துல இருந்துச்சே. கடையில குடுத்து மாத்தினேன். கிர்ர்ருனு காதைக் கிழிக்கிற மாதிரி ஒரே இரைச்சலாம். அதையெல்லாம் எடுத்துட்டு மாமா பேசினதை மட்டும் சுத்தமா..."

"எதையெல்லாம் எடுத்துட்டு?"

"இரைச்சலை."

இதைக் கேட்டவுடன் அவள் கத்தியிருந்தால் வீட்டில் எவரும் பயந்திருக்க மாட்டார்கள். கத்துவது பழக்கம்தான். அவள் கத்தவில்லை. மருமகள் செல்போனைக் கீழே இறக்கினாள்.

அந்தக் கம்ப்யூட்டர் என்னவென்று இவர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! டிபன் டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, மேலே ரப்பர் பொத்தான்கள். டிவியோடு கோத்துச் சுவிட்சைப் போட்டால் ஒரு சின்னக் கட்டம் கண்ணைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். இதைப் பார், அதை வாங்கு என்று இந்த டேப்லெட்டைப் போலக் கையைப் பிடித்து இழுக்காது. நீ ஏதாவது சொன்னால்தான் அதற்குப் பிழைப்பே. வாய் திறக்கப் பயந்த தம்பிக்கு அதைவிடத் தோதான ஆள் யார் கிடைப்பார்கள்? அது அவனை அவசரப்படுத்தவில்லை. அவன் எழுத எழுத வாங்கிக்கொண்டது. எழுதியதைச் சேர்த்துவைக்கப் பாட்டு கேட்கிற அதே டேப் ரிக்கார்டர்தான். கேசட்டில் அது வெறும் கிரீச்சொலியாகத்தான் பதியும். திரும்ப அந்த ஒலியைப் பெட்டிக்குள் செலுத்தினால் விளையாட்டு எழுந்து நடக்கும்.

தபால்காரன் அப்படி எழுந்து நடந்த விளையாட்டு. தெருத்தெருவாகக் கடிதம் போட வேண்டும், நாய் துரத்தும். நாயைக் கட்டம் போட்ட தாளில் வரைந்தது இவள். கட்டத்தைத் தப்பாக எண்ணியதில் நாய்க்கு ஐந்து கால் வந்துவிட்டது. "இ-இருக்கட்டும்க்கா, வே-வேகமா ஓடும்" என்றான். இவள் படிக்க விடுதிக்குப் போன பிறகு அவன் தனியாக எழுதிக்கொண்டிருந்தான். ஒருநாள் விடுதிக்குப் போன் செய்து, கடைசித் தெருவை முடித்துவிட்டதாகவும், தபால்காரன் போய்ச் சேரும் வீட்டில் கதவைத் திறப்பது யார் என்று வந்து பார்க்கும்படியும் சொன்னான். யார் என்று இவள் கேட்டதற்குச் சிரித்தான். அடுத்த வாரம் லாரி மோதிச் செத்துப்போனான். அப்பா பெட்டியைப் பரண்மேல் போட்டுப் பூட்டினார். அப்பா போய், அம்மா இங்கே வந்து சேர்ந்தபோதுதான் அது இவள் கைக்கு வந்தது. பொத்தான்களுக்கு அடியில் இருக்கும் தகடு நைந்து பொடிப்பொடியாகியிருந்தது. மருத்துவமனையில் கருவிகளைப் பழுதுபார்க்கிறவரைப் போட்டு அரித்தெடுத்து, வேறு தகடு வரவழைத்து, போன மாதம்தான் உயிர் வந்தது. ஓய்வு பெற்ற பிறகு நிதானமாகப் போட்டுப் பார்க்கலாம், கதவைத் திறப்பது யாரென்று தெரிந்துகொள்ளலாம் என்றிருந்தாள்.

"கேசட்டு எங்க?"

மகன் மருமகளைப் பார்த்தான். "கடையில... டேப்பு மெஷின்ல சிக்கி அறுந்துடுச்சாம்மா. அதான் எல்லாம் இதுல வந்துடுச்சேன்னு தூக்கிப் போட்டுடச் சொன்னேன்."

"நான்தான் உயிரோட குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேனே. ஒரு வார்த்தை கேட்டா வாய் வெந்துடுமாடா?"

"சர்ப்ரைஸ்னு..."

"சர்ப்ரைஸா? நல்லா இருக்குடா உன் சர்ப்ரைஸ்! அவன் பேசினது எதுடா? இந்த ரெண்டு வரியா? இதையும் நான் அடிச்சுப் பேச வெச்சதுடா, மாட்டேன்னு அழுதான்! நீ தூக்கிப் போட்டியே கிர்ருனு, அதுதான்டா அவன் பேசினது! அதை வழிச்சுக் கொட்டிட்டு, தோலை உரிச்சு ரிப்பன் கட்டிக் குடுக்குறியே, உன்னைப் படிக்க வெச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

"எதுக்குடி புள்ளைய இப்படி வையிற?" என்றாள் அம்மா. "ஆசையா செஞ்சிருக்கான். எனக்கு என் புள்ள குரல் கெடச்சிடுச்சு, அது போதும்."

"உனக்குப் போதும்மா. திக்காத புள்ளதான உனக்கு எப்பவும் வேணும்."

சொல்லக்கூடாததுதான். சொல்லிவிட்டாள். அம்மாவின் முகம் சுருங்கியதைப் பார்த்தும் கோபம் இறங்கவில்லை. செருப்பை மாட்டினாள். மகன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். அந்தப் புத்தியாவது இருந்தது.

கடை ஒரு மாடிப்படியின் கீழே இருந்தது. பழைய கல்யாண வீடியோக்கள், பாட்டு கேசட்டுகள் எல்லாவற்றையும் மாற்றித் தரும் கடை. கடைக்காரன் காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாரோ குழந்தையின் அழுகையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். கேசட் எங்கே என்று கேட்டதும் கையை விரித்தான். குப்பை வண்டி வந்து போயே நாலைந்து நாளாகிவிட்டதாம்.

"நாங்க நல்லாத்தான் பண்ணியிருக்கோம் மேடம். இரைச்சல் சுத்தமா இல்ல. அவர் பேச்சுல கொஞ்சம் தடங்கல் இருந்துச்சு, அதையும் எடுத்து நைசா ஒட்டிட்டோம். அதுக்குத் தனியா காசுகூட வாங்கல."

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க மேடம்."

"நான் கேட்டேனா? என் தம்பி வந்து கேட்டானா? ஒரு மனுஷன் தட்டுத் தடுமாறி ஒண்ணு சொல்லியிருக்கான்னா அதுல தடுமாற்றமும் அவனோடதுதான்யா! அதை வெட்டி எறிய நீ யாருய்யா?"

வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். மகன் அவள் தோளைத் தொட்டுவிட்டுக் கடைக்காரனிடம் குனிந்தான். "அண்ணே, சுத்தம் பண்றதுக்கு முன்னாடி அப்படியே ஒரு காப்பி எடுப்பீங்கல்ல? அது இருக்கா?"

கடைக்காரன் தலையைச் சொறிந்தான். இடம் அடைக்கிறதென்று அவ்வப்போது அழித்துவிடுவார்களாம். தேடினான். பெயர் வைக்காமல் கிடந்த கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினான். யாரோ பாடினார்கள், யாரோ சிரித்தார்கள். பட்டாசு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கோப்பைத் திறந்ததும் கடைக்காரன் முகத்தைச் சுளித்து ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். எறிந்த இடத்திலிருந்து கிர்ர்ரென்று கசிந்தது.

"நிறுத்தாத!" என்று அவள் போட்ட சத்தத்தில் கடைக்காரன் எழுந்தே நின்றுவிட்டான். "முழுசா இருக்கா பாரு."

"இருக்கு மேடம். கடைசியில டேப்பு சிக்கிடுச்சு. அதுக்கு முன்னாடி முடிஞ்சுதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. எனக்கு எல்லாம் ஒரே கத்தலாத்தான் இருக்கு."

வீட்டில் மகனே அந்தக் கோப்பை டேப்லெட்டில் ஏற்றி, பழைய சின்ன டிவியையும் தூக்கி வந்து வைத்தான். கறுப்புப் பெட்டியின் வயரை, ரிக்கார்டருக்குப் பதிலாக டேப்லெட்டில் ஹெட்போன் மாட்டும் துளையில் செருகினாள். அப்போதும் வாய் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தது. ரிப்பனைப் பிய்த்து எறிந்தாள். வீடு முழுக்கக் கேட்கட்டும் என்று இரண்டாகப் பிரிகிற வயர் ஒன்றைப் போட்டு ஸ்பீக்கரையும் கோத்தாள். அறைக்குள் படுத்திருந்த அம்மா யாரும் கூப்பிடாமலே எழுந்து வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பட்டாசு திரும்பிப் பார்க்கவில்லை. முக்கோணத்தை அமுக்கினாள்.

"இ-இ-இ-இது த-த..."

அம்மாவின் உதடு தானாகத் திறந்தது. அவன் தடுமாறுகிற சொல்லை அவனுக்கு முந்தி முடித்துவைப்பது அவள் வழக்கம். அவன் பேச்சே வேண்டாமென்று இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது அந்தச் சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். "த-த-தபால்காரன்" என்று அவனே சொல்லி முடித்தான். "எ-எழுதினது நானும் அ-அக்காவும்."

பிறகு கத்தல் ஆரம்பித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மருமகள் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். டிவியின் ஓரமெல்லாம் நீலமும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக ஓடத் தொடங்கியது.

"சத்தத்தைக் கொஞ்சம் கொறைடி" என்றாள் அம்மா.

"கொறைச்சா பெட்டிக்குள்ள ஏறாதும்மா."

எவ்வளவு நேரம் ஆகும் என்று மகன் கேட்டான். பட்டாசுக்கே தெரியாது. டேப் சிக்கிய இடம் எங்கே வருமென்றும் தெரியாது. நாயின் ஐந்து கால்கள் இந்நேரம் உள்ளே போயிருக்கும். கடைசித் தெரு இன்னும் வர வேண்டும். அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள், ஆனால் எழுந்து போகவில்லை. சுருக்கம் விழுந்த அவள் முகத்தில் நீலமும் மஞ்சளும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன.