எங்கிருந்து வந்த காய்ச்சல்

1

மருதாம்பாள் ஓடிக்கொண்டிருந்தாள். முதுகில், கம்பளிக்குள் வெடவெடத்தபடி மகள் பாப்பா. கீழ் கோத்தகிரிச் சரிவு. எஸ்டேட் ஆஸ்பத்திரி மூட இன்னும் பத்தே நிமிடம். பனி மூட்டம் சூழ்ந்த அந்த

[அடித்துவிட்டேன். 1983 அது. அந்த வருஷம் பனியே இல்லை.]

கதை எங்கே பிறந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய காய்ச்சல் சீட்டில். 'எங்கிருந்து வந்தவர்' என்ற கட்டத்தில் 'சிலோன்' என்று எழுதியிருந்தது. எனக்குக் கோபம் வர அது போதும்.

2

கம்பவுண்டர் நல்லசிவத்துக்கு முதலில் தங்கப்பல் கட்டி வில்லனாக்கினேன். பிடுங்கிவிட்டேன். சாதாரண மனிதர்தான். அதுதான் பயங்கரம்.

"எத்தன நாளா காய்ச்சல்?"

"ஆறு நாளுங்கய்யா. ஒருநாள் விட்டு ஒருநாள் தூக்கிப் போடுது."

"எந்த ஊரும்மா?"

"மஸ்கெலியாங்க."

"அதான பாத்தேன். அங்கிருந்து கொண்டாந்த காய்ச்சல். நம்ம மலைக்கெல்லாம் கொசு ஏறாது."

ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்ற தங்கையா தொண்டையைச் செருமினார். "ஏறாதுங்களா? அப்ப ராத்திரி பூரா என்னையக் கடிச்சது மேனேஜர் தொரைங்களா?"

வரிசை சிரித்தது. நல்லசிவம் எழுதினார்: சிலோன்.

(சிரிப்போடு விட்டுவிடாதீர்கள். 'சிலோன்' என்றால் அது வெளிக்காய்ச்சல்; ஒருவருக்கு மலேரியா மாத்திரை, அத்தோடு சரி. உள்ளூர்க் காய்ச்சல் என்று எழுதினால்தான் கொசு மருந்தடிக்க ஆள் வரும், லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசைவீடுகளின், இருபது வீட்டுக்காரர்களுக்கும் ரத்தம் பார்ப்பார்கள். அங்கே ஏற்கெனவே ஏழு பேர் படுக்கையில். போன வாரம் செத்த அன்னக்கிளியின் சீட்டிலும் சிலோன்தான். சிலோன் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்களிடம் ஊர் கேட்டால், வந்து எத்தனை வருஷமானாலும் விட்டுவந்த தோட்டத்தைத்தான் சொல்வார்கள்.)

3

மூன்று குளிர்காலமாகத் தேயிலைக் கொழுந்து உறைபனியில் கருகவில்லை என்று ஆபீசில் ஒரே சந்தோஷம். குளிர் காலிசெய்த இடத்தில் கொசு குடியேறியதை யாரும் பார்க்கவில்லை. ஒரு மலையின் மூன்று வருஷத்தை வைத்து உலகமே சூடாகிறதென்று நிரூபிக்க முடியாது, தெரியும். ஆனால் ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்துப் பார்த்திருக்கலாமே? மலை சூடானால் நோயும் மேடேறும். இன்றைக்கு நமக்கு அது தெரியும். அன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், பழியை யார் தலையில் போடலாம் என்பதுதான்.

4

முடிவு அ: நல்லசிவம் சீட்டைக் கிழித்து வேறு எழுதுகிறார்.

முடிவு ஆ: ஜன்னலைச் சாத்துகிறார். லயத்தில் எட்டாவது ஆளும்

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். தர மாட்டேன். அந்த ஜன்னலுக்கு உள்பக்கம் நீங்கள் உட்காருங்கள், பேனாவைப் பிடியுங்கள். ஒன்றை மட்டும் உங்களிடம் மறைத்திருந்தேன். கம்பவுண்டர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சீட்டை வாங்கிய மருதாம்பாள் நகரவில்லை.

"என்னங்கய்யா எழுதுனீங்க?"

"சிலோன். நீதான சொன்ன?"

"அது என் ஊருங்க. இந்தப் புள்ள இங்கதான் லயத்துல, எட்டாம் நம்பர்ல பொறந்துச்சு. ஏழு முடிஞ்சு எட்டு நடக்குது. மலைய விட்டு ஒருநாளும் எறங்குனதில்லைங்க."